அறியாத காவலன்

கடவுச்சொல்லை மறந்துவிட்டவருக்கு இரண்டு விதமான பதில் வரும். ஒரு தளம் பழைய கடவுச்சொல்லையே எழுத்துப் பிசகாமல் மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும்: 'உங்கள் பாஸ்வேர்டு இதுதான்.' இன்னொரு தளம் கையை விரிக்கும். எங்களுக்கும் தெரியாது, புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று ஓர் இணைப்பை மட்டும் அனுப்பும். முதலாவது உபகாரி போலவும் இரண்டாவது அலைக்கழிப்பது போலவும் தோன்றும். தொழில் தெரிந்தவர்கள் முதல் பதிலைக் கண்டதுமே அந்தக் கணக்கை மூடிவிடப் பார்ப்பார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கேட்டதும் எடுத்துத் தர முடிகிறதென்றால், அந்தச் சொல் எங்கோ ஒரு பட்டியலில் எழுதியபடியோ, எடுத்துப் படிக்கக்கூடிய வேறொரு வடிவிலோ கிடக்கிறது. உரியவருக்குத் தருகிற கை மற்றவருக்கும் தரும்.

ஆக, 'எனக்குத் தெரியாது' என்று சொல்பவனே இங்கே நல்ல காவலன். இது கொஞ்சம் விசித்திரமான அறம். ரகசியத்தை நம்பி ஒப்படைத்தால், வாங்கிக்கொண்டவன் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றுதான் உலகம் எதிர்பார்க்கிறது. வைத்துக்கொள்ளாமலே காக்க முடியுமா? தெரிந்தும் சொல்லாமலிருப்பது உயர்ந்ததா, தெரியாமலே இருந்துவிடுவது உயர்ந்ததா? மென்பொருள் எழுதுகிறவர்கள் தினமும் தீர்த்துவைக்கும் இந்தக் கேள்வி கணினியைவிட மிகப் பழையது.

கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்காரரான பாலிபியஸ், ரோமானியப் படைமுகாமில் இரவுக்கான அடையாளச் சொல் எப்படிக் கைமாறியது என்று விவரித்திருக்கிறார். சூரியன் மறையும் வேளையில் குறிப்பிட்ட வீரன் ஒருவன் அதிகாரியின் கூடாரத்துக்குப் போய், சொல் எழுதிய மரப்பலகையை வாங்கிவருவான். சாட்சிகள் முன்னிலையில் அது பிரிவு பிரிவாகக் கைமாறி, இருட்டுவதற்குள் மறுபடி அதிகாரியிடமே வந்து சேர வேண்டும். ஒரு பலகை குறைந்தாலும் எந்தப் பிரிவில் தங்கியது என்று உடனே விசாரணை. ஏற்பாடு கச்சிதமானது. ஆனால் அதற்குள் ஒரு நம்பிக்கை யாரும் கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே வருகிறவனுக்குத் தெரிந்த சொல் வாசலில் நிற்பவனுக்கும் தெரிந்திருந்தால்தான் சரிபார்க்க முடியும் என்பதே அது. 2,000 ஆண்டுகளாக எந்தக் கோட்டை வாசலிலும் இதை யாரும் சந்தேகிக்கவில்லை.

கணினிக்குள் கடவுச்சொல் நுழைந்தபோது இந்த மரப்பலகையும் கூடவே நுழைந்தது. 1961 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒரே இயந்திரத்தைப் பலர் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாடு. ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று ரேஷன். யாருடைய நேரம் யாருடையது என்று பிரித்துவைக்க ஆளுக்கொரு கடவுச்சொல். அத்தனை சொற்களும் ஒரே கோப்பில், தட்டச்சு செய்தபடியே இருந்தன.

1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேர ஒதுக்கீடு போதவில்லை. கோப்புகளை அச்சிட்டு வாங்க வேண்டுமானால் துளையட்டையில் கோப்பின் பெயரைத் துளைத்துக் கொடுத்தால் போதும் என்பது அன்றைய வழக்கம். அவர் கடவுச்சொல் கோப்பின் பெயரையே துளைத்து, ஒரு வெள்ளிக்கிழமை இரவு கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை காலை தாள்கள் அச்சாகிக் காத்திருந்தன. கால் நூற்றாண்டு கழித்துத்தான் இதை ஒப்புக்கொண்டார். அவர் பூட்டை உடைக்கவில்லை. எழுதிவைத்திருந்ததைக் கேட்டு வாங்கினார், அவ்வளவுதான்.

1966இல் நடந்தது இன்னும் வேடிக்கை. நிர்வாகிகளில் ஒருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தும் மென்பொருள் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைக்கும். இரண்டும் இடம் மாறிப்போயின. அன்று உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் வழக்கமான வரவேற்பு வாசகத்துக்குப் பதிலாக, எல்லோருடைய கடவுச்சொல்லும் வரிசையாக ஓடியது. டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் கோர்பட்டோவே இந்தக் கதையைச் சொன்னார். திருடன் யாரும் இல்லை. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. சட்டியில் இருந்தது, அகப்பையில் வந்தது.

தெரிந்துகொண்டு காப்பது என்ற வழியை மனித வரலாற்றில் மிகக் கடுமையாகக் கடைப்பிடித்த நிறுவனம் என்றால் கத்தோலிக்கத் திருச்சபையைச் சொல்லலாம். 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், ஒவ்வொரு விசுவாசியும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அதாவது தன் பாவங்களைக் குருவிடம் சொல்ல வேண்டும் என்று விதித்தது. கேட்டதை வெளியிடும் குருவுக்கான தண்டனையும் அந்த விதியிலேயே இருந்தது. பதவி போகும். கடுமையான மடமொன்றில் ஆயுள் முழுக்கத் தவம் செய்ய வேண்டும். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. 983ஆம் விதி வெளியிடுவதைத் தடுக்கிறது. 984ஆம் விதி, வெளியே தெரிந்துவிடும் ஆபத்து கொஞ்சமும் இல்லாதபோதுகூட, அப்படி அறிந்ததை அந்த மனிதருக்குப் பாதகமாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. நாக்கைக் கட்டினால் போதாது, கேட்டது கேட்டவரின் முடிவுகளுக்குள் கசியவும் கூடாது.

இந்த விதிக்கு ஒரு புனிதரும் உண்டு. நெபோமுக் ஊர்க்காரரான ஜான் என்ற குருவை 1393இல் பொஹீமிய அரசர் நான்காம் வென்ஸெஸ்லாஸ் பிராக் நகரின் வல்ட்டாவா ஆற்றில் மூழ்கடிக்கச் செய்தார். அரசியின் பாவசங்கீர்த்தனத்தைச் சொல்ல மறுத்ததால்தான் கொல்லப்பட்டார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. வரலாற்றாசிரியர்கள் மடாதிபதி நியமனம் ஒன்றில் அரசருக்கும் பேராயருக்கும் இருந்த பகையைக் காரணமாகச் சொல்கிறார்கள். அரசியைப் பற்றிய கதை அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுத்தில் ஏறியது. ஆனாலும் 1729இல் அவர் புனிதராக்கப்பட்டது அந்தக் கதையின் பலத்தில்தான். மௌனத்துக்காகச் செத்த ஒருவர் மக்களுக்குத் தேவைப்பட்டார். அப்படிச் சாக எல்லோராலும் முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததும் அதற்கொரு காரணமாக இருக்கலாம்.

திருச்சபையும் விதியை மட்டும் நம்பிக்கொண்டிருக்கவில்லை. மிலான் பேராயர் சார்ல்ஸ் பொரோமியோ 1577இல் வெளியிட்ட கட்டடக் குறிப்புகளில், குருவுக்கும் பாவசங்கீர்த்தனம் செய்பவருக்கும் நடுவே துளைகளுள்ள தடுப்பு வைத்த மரக்கூண்டுக்கு அளவு கொடுத்தார். பெண்கள் வரும்போது தகாதது எதுவும் நேராதிருக்க வேண்டும் என்பதே அவருடைய முக்கியக் கவலை. எப்படியிருந்தாலும், ஓர் ஒழுக்கம் தச்சு வேலையாக மாறியது அங்கேதான். கண்ணை அடக்கு என்று சொல்வதற்குப் பதில் கண்ணுக்கு முன்னால் பலகை அடித்தார்கள்.

பிளேட்டோ 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில் கிளாக்கன் என்ற இளைஞன் வாயிலாக எழுப்பும் சிக்கலும் இதுவே: ஒழுக்கத்தை மட்டும் நம்பியிருக்க முடியுமா? லிடியா நாட்டில் ஓர் இடையனுக்கு மோதிரம் ஒன்று கிடைக்கிறது. அதைத் திருகினால் மறைந்துவிடலாம். அவன் அரண்மனைக்குள் போய் அரசியை மயக்கி, அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடிக்கிறான். அப்படியொரு மோதிரம் நேர்மையானவன் கையிலும் ஒன்று, அயோக்கியன் கையிலும் ஒன்று இருந்தால் இருவரும் ஒரே வழியில்தான் போவார்கள் என்று கிளாக்கன் வாதிடுகிறான். பிடிபடும் பயம்தான் நேர்மைக்கு வேர் என்பது அவன் கட்சி. இல்லை, நேர்மை ஆன்மாவின் ஆரோக்கியம் என்று நிறுவ சாக்ரடீஸுக்கு மீதி நூல் முழுவதும் தேவைப்படுகிறது.

ஆயிரக்கணக்கான பேரின் கடவுச்சொற்கள் எழுதியபடி கிடக்கும் தரவுத்தளத்துக்கு நிர்வாகியாக இருப்பவர் கையில் இருப்பது அந்த மோதிரம்தான். ஒருவர் ஒரே சொல்லை மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வைத்திருப்பார் என்பது அவருக்குத் தெரியும். பார்த்தால் யாருக்கும் தெரியாது. வேலியே பயிரை மேய்ந்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. கணினிக்காரர்கள் இதற்குச் சொன்ன பதில் கிளாக்கனும் சாக்ரடீஸும் யோசிக்காத ஒன்று. மோதிரத்தைச் செய்யாமலே விட்டுவிட்டால் என்ன?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1960களில் டைட்டன் என்ற கணினி இருந்தது. அங்கே ராஜர் நீதம் முன்வைத்த யோசனையை, மாரிஸ் வில்க்ஸ் 1968இல் வெளியிட்ட நூலில் அவர் பெயரைச் சொல்லியே பதிவுசெய்தார். கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளாதே, அதை அரைத்து வந்ததை மட்டும் வைத்துக்கொள் என்பதுதான் யோசனையின் சாரம்.

ஊறிய அரிசியை ஆட்டினால் மாவாகும். மாவிலிருந்து அரிசிமணியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் அதே அரிசியை அதே பதத்தில் மறுபடி ஆட்டினால் அதே மாவு வரும். அடுக்களையில் இது அவ்வளவு துல்லியமாக நடக்காது, கணிதத்தில் நடக்கும். தொழிலில் இதற்கு 'ஹேஷ்' என்று பெயர். ஒருவர் முதன்முறை கடவுச்சொல் கொடுக்கும்போது அதை ஆட்டி, மாவை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு அரிசியைத் தூக்கிப்போட்டுவிட வேண்டும். அடுத்தமுறை அவர் வந்து சொல்லைச் சொன்னால் அதையும் ஆட்டி, இரண்டு மாவும் ஒன்றா என்று ஒப்பிட்டால் போதும். வாசலில் நிற்பவனுக்குச் சொல் தெரியாது. சொல் சரியா தவறா என்பது மட்டும் தெரியும்.

இந்த வித்தியாசம் வீட்டில் எல்லோருக்கும் பழக்கமானதுதான். ஒரு வாய் குடித்ததும் 'இது அம்மா வைத்த ரசம்' என்று சொல்லிவிடுகிறவர், அந்த ரசத்தை வைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. ஒன்றை இனங்காணும் அறிவு வேறு, அதைச் சொல்லிக்காட்டும் அறிவு வேறு. ரோமானியக் காவலனுக்கு இரண்டும் சேர்ந்தே இருந்தன. அவனைச் சித்திரவதை செய்தால் சொல் கிடைத்துவிடும். நீதம் செய்த காவலனிடம் முதல் வகை அறிவு மட்டும்தான் உண்டு. அடித்துக் கேட்டாலும் பிரயோஜனமில்லை. மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை.

கனமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. மாவைத் திருடியவன் அதை அரிசியாக்க முடியாதே தவிர, கையில் கிடைத்த எல்லா அரிசியையும் ஆட்டிப் பார்த்து எது பொருந்துகிறது என்று தேடலாம். மனிதர்கள் எத்தனை வகை அரிசி வைத்திருக்கிறார்கள்? பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில் இதை எண்ணிப் பார்த்திருந்தார்கள். பயனர்களிடமிருந்து திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 15 ஒரே எழுத்து. 72 இரண்டெழுத்து. 464 மூன்றெழுத்து. அகராதியில் கிடைப்பவை, சிற்றெழுத்திலேயே முடிந்துவிடுபவை என்று எளிதில் பிடிபடும் எல்லாவற்றையும் கூட்டினால் 86 சதவீதம். ரகசியம் என்று நினைத்து மனிதர்கள் தேர்ந்தெடுப்பவை பெரும்பாலும் ஊரறிந்தவை. பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருமாரும் பாவங்களைப் பற்றி இதையேதான் சொல்வார்கள்.

மாரிஸும் தாம்சனும் இதற்குச் சொன்ன பரிகாரம் உப்பு. தொழிலில் இன்றும் 'சால்ட்' என்றே பெயர். ஒவ்வொருவருடைய கடவுச்சொல்லோடும் கணினி தானாகத் தேர்ந்த ஒரு சிட்டிகை உப்பைக் கலந்து ஆட்ட வேண்டும். அவர்கள் வைத்திருந்தது 4,096 விதமான உப்பு. இப்போது இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் மாவு வேறு வேறாக இருக்கும். திருடன் ஒரே ஆட்டில் ஊர் முழுவதையும் சோதித்துவிட முடியாது, ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஆட்ட வேண்டும். உப்பு ரகசியம்கூட இல்லை, மாவுக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்திருப்பார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது தமிழ்ப் பழமொழி. இங்கே உப்பிடுவது நினைவில் வைத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக.

தத்துவக் கண்ணோடு பார்த்தால் உப்பு வெறும் பொறியியல் தந்திரமாக நின்றுவிடவில்லை. ஒருவருடைய ரகசியம் என்ன என்பது காவலனுக்குத் தெரியக் கூடாது என்பது முதல் நிபந்தனை. அவருடைய ரகசியம் இன்னொருவருடையதைப் போலவே இருக்கிறது என்பதுகூடத் தெரியக் கூடாது என்பது இரண்டாவது. மனிதர்கள் ஒரே மாதிரி யோசிக்கிறார்கள், அதனாலேயே அவர்களை ஒரே மாதிரி நடத்தக் கூடாது.

ராபர்ட் மாரிஸ் குடும்பத்தின் கதை இதோடு முடியவில்லை. 1988 நவம்பரில் இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிய முதல் பெரிய 'புழு'வை எழுதியவர் அவருடைய மகன். அந்தப் புழு கணினிகளுக்குள் நுழையக் கையாண்ட வழிகளில் ஒன்று, 432 சொற்களைக் கொண்ட பட்டியலை வைத்துக்கொண்டு கடவுச்சொல்லை ஊகிப்பது. தந்தை அப்போது அமெரிக்க அரசின் தேசியக் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை அறிவியலாளர்.

உப்பில்லாத பண்டம் குப்பையிலே என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2012இல் லிங்க்ட்இன் நிறுவனத்திலிருந்து வெளியேறிய 65 லட்சம் ஹேஷ்களில் உப்பு இல்லை. அந்தத் திருட்டின் உண்மையான அளவு 11.7 கோடி என்பது 2016இல்தான் தெரிந்தது. 2013 அக்டோபரில் அடோபி நிறுவனத்திலிருந்து 15 கோடிக்கும் அதிகமான பதிவுகள் போயின. அங்கே நடந்தது வேறு வகைத் தவறு. கடவுச்சொற்களை அரைக்காமல், ஒரே சாவியால் பூட்டிவைத்திருந்தார்கள். ஒரே சொல்லை ஒரே சாவியால் பூட்டினால் ஒரே உரு வரும். '123456' என்பதை ஏறத்தாழ 19 லட்சம் பேர் வைத்திருந்தார்கள், எனவே ஒரே உரு அத்தனை முறை வந்தது. போதாக்குறைக்கு, மறந்தால் நினைவூட்ட பயனர்களே எழுதிய குறிப்புகள் பூட்டப்படாமல் பக்கத்திலேயே இருந்தன. ஒருவர் குறிப்பு பூடகமாக இருந்தாலும் அதே உருவுள்ள இன்னொருவர் பச்சையாக எழுதியிருப்பார். குறுக்கெழுத்துப் புதிர் போட்டதுபோல் ஆட்கள் உட்கார்ந்து விடுவித்தார்கள். சாவி தேவைப்படவே இல்லை.

பூட்டுவதற்கும் அரைப்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஹோமரின் ஒடிசியில் பொருத்தமான காட்சி இருக்கிறது. சைரன்களின் பாட்டைக் கேட்டவர்கள் மதிமயங்கி அங்கேயே மடிவார்கள், வீடு திரும்ப மாட்டார்கள். ஒடிசியஸ் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்லிவிட்டுப் பாட்டைக் கேட்கிறான். துடுப்புப் போடுகிறவர்கள் காதில் மெழுகை அடைத்துக்கொண்டு கேட்காமலே கடக்கிறார்கள். கதையின் புகழ் முழுக்க ஒடிசியஸுக்குப் போய்விட்டது. கடவுச்சொல்லைப் பூட்டிவைக்கும் நிறுவனம் ஒடிசியஸ். கயிறு பலமாக இருக்கும்வரை பிழைத்தது. ஹேஷ் செய்யும் நிறுவனம் துடுப்புக்காரன். காவியம் பாட ஒன்றுமில்லை, கப்பல் சைரன்களைத் தாண்டிப்போகிறது.

இதில் இன்னொரு தலைகீழ்ப் பாடமும் உண்டு. கணினி உலகில் வேகம்தான் தெய்வம். கடவுச்சொல்லை அரைக்கும் உரல் மட்டும் மெதுவாகச் சுற்ற வேண்டும். 2012 டிசம்பரில் ஆஸ்லோவில் நடந்த மாநாடு ஒன்றில், 25 கிராபிக்ஸ் சிப்களைக் கோர்த்த இயந்திரம் காட்டப்பட்டது. பழைய விண்டோஸ் முறைப்படி அரைத்த கடவுச்சொற்களில் அது நொடிக்கு 35,000 கோடி ஊகங்களைச் சோதித்தது. அதே இயந்திரம் 'பிகிரிப்ட்' என்ற உரலின் முன் நொடிக்கு 71,000க்குக் கீழிறங்கியது. நீல்ஸ் புரோவோஸும் டேவிட் மாசியரஸும் 1999இல் வடித்த அந்த உரலில் ஒரு திருகு இருக்கிறது. ஒரு பல் முறுக்கினால் வேலை இரட்டிப்பாகும். கணினிகளின் வேகம் கூடக் கூட, திருகை முறுக்கிக்கொண்டே போகலாம். 2009இல் வந்த 'எஸ்கிரிப்ட்', 2015இல் சர்வதேசப் போட்டியொன்றில் வென்ற 'ஆர்கான்2' ஆகியவை நேரத்தோடு நினைவகத்தையும் தாராளமாகத் தின்கின்றன. நேர்மையான பயனருக்கு அரை நொடி தாமதம் ஒரு பொருட்டல்ல. கோடி முறை முயல்பவனுக்கு அது ஆயுள்.

தெரியாமல் காப்பது அறமா என்ற கேள்விக்குத் திரும்பலாம். எதிர்வாதம் வலுவானது. தவறு செய்யவே முடியாதவனுக்கு நல்லவன் என்ற பட்டம் எப்படிப் பொருந்தும்? 1785இல் வெளியான தன் ஒழுக்கவியல் நூலில் கான்ட், முழுக்கத் தூய சித்தத்துக்கு 'செய்ய வேண்டும்' என்ற கட்டளையே கிடையாது என்றார். நெபோமுக் ஜான் வாய் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. அதனால்தான் சிலை. ஹேஷ் அட்டவணைக்கு யாரும் சிலை வைக்கப்போவதில்லை.

ஆனால் இந்த வாதம் அறத்தைத் தவறான நேரத்தில் தேடுகிறது. சோதனை வருவது அரசன் மிரட்டும் நாளில் மட்டுமல்ல. ஒரு நிரலாளர் தரவுத்தளத்தில் 'பாஸ்வேர்டு' என்று ஒரு பத்தியை உருவாக்குகிற நாளிலும் வருகிறது. அந்த அறையில் அரசன் இல்லை, ஆறு இல்லை. நாளை யாராவது கேட்டால் தன்னால் தர முடியாதபடி இன்றே செய்துவிடுவதா, பிற்பாடு உதவும் என்று வைத்துக்கொள்வதா என்பதை அவர் தேநீர் குடித்துக்கொண்டே முடிவுசெய்கிறார். பார்க்கும் சக்தியைக் கையில் கிடைக்கும் முன்பே துறப்பதும் துறவுதான். சமண முனிவர்களின் ஐந்து மகாவிரதங்களில் ஒன்று அபரிக்கிரகம், அதாவது உடைமை கொள்ளாமை. பொருளுக்குச் சொன்ன அந்த விரதம் தகவலுக்கும் பொருந்தும்.

சட்டங்கள் இன்னும் லாத்தரன் பக்கம்தான் நிற்கின்றன. இந்திய நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைக் கையாளும் நிறுவனத்துக்கு 'டேட்டா ஃபிடூஷியரி' என்று பெயர் வைத்திருக்கிறது. நம்பி ஒப்படைத்ததைப் பெற்றுக்கொண்டவர் என்று பொருள். போதிய பாதுகாப்புச் செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நம்பிக்கையும் தண்டனையும், 1215இல் இருந்த அதே இரட்டை மாடு.

அரைத்துவைத்தால் கடமை முடிந்தது என்று நினைத்தவர்களும் கவிழ்ந்திருக்கிறார்கள். ஆஷ்லி மாடிசன் என்பது திருமணமானவர்களுக்குக் கள்ள உறவு தேடித் தந்த தளம். ரகசியமே அதன் சரக்கு. 2015இல் அதன் தரவுகள் வெளியானபோது, கடவுச்சொற்கள் பிகிரிப்ட் உரலில் 12ஆம் பல்லில் அரைக்கப்பட்டிருந்ததைப் பார்த்து வல்லுநர்களே மெச்சினார்கள். சில வாரங்களில் வேறொரு சங்கதி தெரிந்தது. பயனர் தானாக உள்நுழைய வசதியாக, அதே கடவுச்சொல்லைச் சிற்றெழுத்தாக்கி எம்டி5 என்ற பழைய வேக உரலிலும் ஆட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். ஆய்வாளர்கள் அந்த வழியாக நுழைந்து பத்து நாட்களில் 1.1 கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்களைக் கண்டுபிடித்தார்கள். வாசலுக்குத் தேக்குக் கதவு, கொல்லைக்குக் கீற்றுத் தட்டி.

ரகசியத்தைச் சொல்லாமலே அதைப் பற்றிப் பேசும் கலையும் இதற்கிடையில் வளர்ந்தது. தன் கடவுச்சொல் ஏற்கெனவே எங்காவது கசிந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புபவர், அதைச் சொல்லிக் கேட்டால் கேட்பதே கசிவாகிவிடும். டிராய் ஹண்ட் நடத்தும் 'ஹேவ் ஐ பீன் போன்டு' சேவை 2018இல் ஏற்றுக்கொண்ட வழி இது: கடவுச்சொல்லைத் தன் கணினியிலேயே அரைத்து, மாவின் முதல் 5 எழுத்துகளை மட்டும் அனுப்ப வேண்டும். அந்த 5 எழுத்தில் தொடங்கும் நூற்றுக்கணக்கான ஹேஷ்கள் திரும்பி வரும். தன்னுடையது அதில் இருக்கிறதா என்று கேட்டவரே பார்த்துக்கொள்வார். பதில் சொன்னவருக்குக் கேள்வி என்னவென்றே தெரியாது. 2022இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஆதரித்த 'பாஸ்கீ' இன்னும் ஒரு படி போகிறது. ரகசியம் பயனரின் பொறுப்பிலேயே தங்கிவிடும். தளத்தின் வாசலுக்கு அது வருவதே இல்லை. தளம் ஒரு கேள்வி அனுப்பும், கைபேசி அதில் கையெழுத்திட்டுத் திருப்பும்.

ஆனால் பெரும்பாலானோர் இன்னும் சொல்லைத் தட்டச்சு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். தட்டச்சு செய்த சொல் உரலில் விழும்வரை, ஒரு கணம், அரிசியாகவே தளத்தின் கையில் இருக்கிறது. 2018 மேயில் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களிடமும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொன்னது. அரைக்கும் முறையில் குறையில்லை. அரைப்பதற்கு முன்பே உள்பதிவேடு ஒன்று அதைக் குறித்துக்கொண்டிருந்தது. 2019 மார்ச்சில் ஃபேஸ்புக்கிலும் அதே நோய் தெரியவந்தது. கோடிக்கணக்கான கடவுச்சொற்கள் நிறுவனத்தின் உள்பதிவேடுகளில் பச்சையாகக் கிடந்தன. அந்தத் தகவல் அடங்கிய பதிவுகளை ஏறத்தாழ 2,000 பொறியாளர்கள் சுமார் 90 லட்சம் முறை துழாவியிருந்ததைப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் வெளியிட்டார். முறைகேடாகப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை என்றது நிறுவனம். 2024 செப்டம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 9.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. அந்த 2,000 பேர் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டதைப் பார்த்தார்களா, பார்த்ததை மறந்தார்களா? கிளாக்கன் இருந்திருந்தால் அவர்களிடம்தான் போய்க் கேட்டிருப்பான்.

நெபோமுக் ஜானின் கல்லறையை 1719இல் திறந்தபோது மண்டையோட்டுக்குள் அழுகாத திசுத் துண்டு ஒன்று கிடைத்தது. ரகசியத்தைச் சொல்லாத நாக்கு என்று பக்தர்கள் அதைப் பேழையில் வைத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வணங்கினார்கள். 1973இல் செக் மானிடவியலாளர்கள் அதைப் பரிசோதித்தார்கள். அது நாக்கு இல்லை, மூளை.